திறந்த போத்தலுக்கு ஆயுள் குறைவு

(நோட்டன் பிரிட்ஜில் தோட்டக் குடும்பங்களுக்காக நடந்த சுகாதாரக் கூட்டமொன்றில் மருந்தாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கொழுந்து நிறுத்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கும் தாய்மாருக்கும், பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பாயி, அம்மாயிமாருக்கும், பிள்ளைக்காம்பராவைக் கவனித்துக்கொள்ளும் சகோதரிகளுக்கும் முதலில் ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்கு மருந்து ஊற்றிக் கொடுப்பது பெரும்பாலும் உங்கள் கைதான். அதனால் இன்றைய பேச்சு முதலில் உங்களுக்கு.

உங்கள் வீட்டில் எங்கேயாவது ஒரு பாணி மருந்துப் போத்தல் பாதி மிச்சத்தோடு நிற்கும். போன மழைக்குப் பிள்ளைக்கு வந்த காய்ச்சலுக்கோ இருமலுக்கோ வாங்கியது. பிள்ளை தேறியதும் மூடி வைத்துவிட்டீர்கள். காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட மனம் வராது. அடுத்த காய்ச்சல் வரும்போது அதையே எடுக்கலாமா? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கூடாது. லேபலில் அச்சிட்ட திகதி தாண்டியிருந்தால் கண்டிப்பாகக் கூடாது. தாண்டாமல் இருந்தாலும், திறந்து பல நாள் ஆகிவிட்ட போத்தல் என்றால், மருந்து கொடுத்தவரைக் கேட்காமல் தொடவே கூடாது. இதைப் பயமுறுத்திச் சொல்ல நான் வரவில்லை. காரணத்தோடு சொல்ல வந்திருக்கிறேன்.

காலாவதித் திகதி என்பது மருந்து தயாரித்தவர் கொடுக்கும் உத்தரவாதம். அந்த உத்தரவாதத்துக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. போத்தல் சீல் உடையாமல் இருக்க வேண்டும். லேபலில் சொன்னபடி, பெரும்பாலும் 30 பாகை செல்சியசுக்குக் குறைந்த வெப்பத்தில், வெயில் படாமல் வைத்திருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் அச்சிட்ட திகதிக்கு மதிப்பு. 05/2026 என்று மாதமும் வருடமும் மட்டும் போட்டிருந்தால், அந்த மே மாதத்தின் கடைசி நாள் வரை என்று அர்த்தம். ஆனால் மூடியைத் திருகி சீலை உடைத்த அன்றே அந்தக் கணக்கு முடிந்து வேறு கணக்கு தொடங்கிவிடுகிறது. சீல் உடைத்த போத்தலின் ஆயுள் மருந்துக்கு மருந்து மாறும். சிலதற்கு ஒரு வாரம், சிலதற்கு ஒரு மாதம், சிலதற்குச் சில மாதங்கள். அதை அநேகமாக அட்டைப் பெட்டியிலோ உள்ளே மடித்து வைத்த தாளிலோதான் எழுதியிருப்பார்கள். அந்தப் பெட்டியையும் தாளையும் நாம் முதல் நாளே அடுப்பில் போட்டுவிடுகிறோம்.

குளிசைக்கும் பாணி மருந்துக்கும் ஏன் இந்த வேறுபாடு என்று கேட்பீர்கள். காரணம் தண்ணீர். குளிசை காய்ந்த பொருள். ஈரம் படாத அட்டையில் ஒவ்வொன்றாக அடைத்து வைத்திருப்பதால் அதற்குள் மாற்றம் மெதுவாகத்தான் நடக்கும். பாணியில் மருந்து தண்ணீரோடு கலந்தே கிடக்கிறது. பல மருந்துகளை அந்தத் தண்ணீரே மெல்ல மெல்ல உடைக்கும். போத்தலைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் காற்று உள்ளே போகும், காற்றோடு கிருமியும் போகும். கிருமி வளராமல் தடுக்கப் பாணியில் பாதுகாப்புப் பொருள் சேர்த்திருப்பார்கள். நாளாக ஆக அதன் வீரியமும் குறைந்துகொண்டே வரும்.

நம்முடைய காம்பராக்களில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். இந்தப் பக்கம் வருடத்தில் பாதி நாள் மழையும் பனியும்தான். எதை வைத்தாலும் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் மருந்தையும் தீப்பெட்டியையும் உப்பையும் அடுப்புக்கு மேலே உள்ள பலகையில் வைப்போம், அங்கேதான் ஈரம் ஏறாது என்று. மூன்று வேளையும் விறகு எரியும்போது அந்தப் பலகை எவ்வளவு சூடாகும் என்பது உங்களுக்குத் தெரியும். இரவில் அடுப்பு அணைந்ததும் குளிர் இறங்கும். பகல் சூட்டில் போத்தலுக்குள் எழும் நீராவி இரவுக் குளிரில் மூடியின் உள்பக்கம் வியர்த்து, துளித் துளியாகப் பாணியின் மேல் விழும். பாணி கெடாமல் இருப்பதற்கு அதிலுள்ள கெட்டியான சீனியும் ஒரு காரணம். மேல்மட்டத்தில் தண்ணீர் விழுந்து சீனி நீர்த்துப்போனால் அந்த இடத்தில் பூஞ்சணமும் கிருமியும் பிடிக்கும். வெளியே பார்த்தால் போத்தல் அப்படியே இருக்கும். மூடியைச் சுற்றிச் சீனி கட்டியிருக்கும், அவ்வளவுதான். போதாததற்குப் பிள்ளை வாயில் வைத்த கரண்டியையே திரும்பப் போத்தல் வாயில் சாய்த்து ஊற்றுகிறோம். எச்சிலும் உள்ளே போகிறது.

எல்லாப் பாணி மருந்தும் ஒரே மாதிரிக் கெடுவதில்லை. அதனால் நம் வீடுகளில் இருப்பதை வகை வகையாகப் பார்ப்போம்.

முதலாவது, பவுடராக வரும் அன்டிபயோட்டிக் பாணி. அமொக்சிசிலின் போன்றவை. வாங்கும்போது போத்தலுக்குள் வெறும் தூள்தான் இருக்கும். கொதித்து ஆறிய தண்ணீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். தூளாக இருக்கும்போது அது வருடக்கணக்கில் தாங்கும். அந்தத் திகதிதான் லேபலில் இருக்கும். தண்ணீர் ஊற்றிய நிமிடத்திலிருந்து அதன் ஆயுள் மருந்தைப் பொறுத்து 7 நாள் அல்லது 14 நாள். சிலதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால்தான் அந்த நாளும் நிற்கும். தண்ணீர் பட்டதும் மருந்தின் மூலக்கூறில் உள்ள ஒரு வளையம் உடையத் தொடங்குகிறது. கிருமியைக் கொல்லும் வேலையைச் செய்வதே அந்த வளையம்தான். மூன்று மாதம் கழித்து அந்த மிச்சத்தை எடுத்துக் கொடுத்தால், நிறமும் வாசனையும் இனிப்பும் இருக்கும், மருந்து இருக்காது.

பிள்ளைக்குத் தொண்டை வலி, காய்ச்சல் என்று வையுங்கள். அன்டிபயோட்டிக் கொடுத்தாயிற்று என்ற நம்பிக்கையில் அம்மா நாலு நாள் வீட்டிலேயே பார்ப்பாள். அது நிமோனியாவாக இருந்தால் அந்த நாலு நாள்தான் பிள்ளையின் உயிர். தொண்டையில் இருந்தது ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற கிருமியாக இருந்து, சரியான மருந்து சரியான அளவில் போகவில்லை என்றால், சில பிள்ளைகளுக்குப் பின்னால் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதாகும். அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க கிளினிக் போக வேண்டிவரும். அரைகுறை மருந்தில் சாகாமல் தப்பிய கிருமிகள் அடுத்த தடவை அந்த மருந்துக்கு மசியாது என்பதும் இருக்கிறது. லயத்தில் ஒரு வீட்டில் அப்படிப்பட்ட கிருமி வளர்ந்தால் பக்கத்துக் காம்பராவுக்கும் அது வரும். காலாவதியான பாணி மருந்தின் முதல் ஆபத்து அது விஷமாகிவிடுவது அல்ல. வேலை செய்யாத மருந்தை வேலை செய்கிறது என்று நம்பி நாம் இழக்கும் நாட்களே முதல் ஆபத்து.

இரண்டாவது, காய்ச்சல் பாணி. பனடோல் சிரப் என்று நாம் சொல்லும் பரசிட்டமோல். இந்த மருந்து தண்ணீரில் ஓரளவு தாங்கக்கூடியது. இதில் தவறு வருவது பெரும்பாலும் அளவில். 5 மில்லிலீட்டருக்கு 120 மில்லிகிராம் உள்ள பாணியும் உண்டு, 250 மில்லிகிராம் உள்ள பாணியும் உண்டு. கைக்குழந்தைக்குச் சொட்டாகக் கொடுப்பது இன்னும் பல மடங்கு வீரியம் கூடியது. பழைய போத்தலின் லேபல் புகையில் கறுத்து, எண்ணெய்க் கை பட்டு அழிந்த பிறகு எது எந்த வீரியம் என்று யாருக்குத் தெரியும்? ஒரு வருடத்துக்கு முன் பிள்ளையின் நிறை வேறு, இன்றைக்கு வேறு. அன்றைக்குச் சொன்ன ஒரு கரண்டி அளவு இன்றைக்குப் பொருந்தாது. கரண்டிக்குக் கரண்டியும் அளவு மாறும். போத்தலோடு வந்த மூடியோ பிளாஸ்டிக் அளவுக் கரண்டியோ மட்டும்தான் கணக்கு. அது தொலைந்திருந்தால் பாமசியில் ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்று கேட்டு வாங்குங்கள், அதிக விலை இல்லை.

மூன்றாவது, குலுக்கிக் கொடுக்கும் மருந்துகள். இவற்றில் மருந்து கரைந்திருக்காது, பொடியாக மிதக்கும். மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் அடியில் படிந்து கல்லாக இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு குலுக்கினாலும் சரியாகக் கலக்காது. மேலே ஊற்றும் கரண்டியில் மருந்து குறைவு, அடியில் மிஞ்சும் கரண்டியில் அளவுக்கு மேல். வலிப்புக்குக் கொடுக்கும் பெனிடோயின் பாணியில் இந்த வித்தியாசம் பிள்ளைக்கு மறுபடி வலிப்பு வரவும் போதும், மருந்து மிஞ்சித் தலைசுற்றித் தள்ளாடவும் போதும்.

நாலாவது, கண்ணுக்கும் காதுக்கும் விடும் சொட்டு மருந்து. சிறிய போத்தல், கெடாது என்று நினைக்கிறோம். கண் சொட்டு மருந்தைத் திறந்து 28 நாளில் எறிந்துவிட வேண்டும் என்பதுதான் பொதுவான விதி. நுனி இமையில் பட்டால் கிருமி உள்ளே போகும், அடுத்த தடவை அது நேரே கண்ணுக்குள் இறங்கும். கண்ணுக்குள் கிருமி போனால் என்ன ஆகும் என்பதை நம் மாவட்டமே பார்த்தது. 2023 ஏப்ரலில் நுவரெலியா வைத்தியசாலையில் கண்புரை சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலருக்கு, பிறகு விட்ட இறக்குமதிச் சொட்டு மருந்தால் பார்வை பறிபோனது. அந்த மருந்து காலாவதியானதல்ல. புதுப் போத்தலிலேயே அப்படி நடக்கலாம் என்றால், திறந்து ஆறு மாதம் மாடத்தில் கிடந்த சொட்டு மருந்தை எந்தத் துணிவில் பிள்ளை கண்ணில் விடுவது?

இன்சுலின் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. திறந்த இன்சுலின் போத்தலை 30 பாகைக்குக் கீழ் நிழலில் வைத்திருந்தால் பெரும்பாலும் ஏறத்தாழ நாலு வாரம் பாவிக்கலாம். நம்முடைய குளிருக்கு அது சிரமமில்லை, அடுப்புப் பக்கமும் ஜன்னல் வெயிலும் தவிர்த்தால் போதும். திறக்காத போத்தல்களுக்குத்தான் குளிர்சாதனப் பெட்டி வேண்டும். வீட்டில் இல்லை என்றால் கிளினிக்கில் சொல்லி, ஒரே தடவையில் பல மாதத்துக்கு வாங்காமல் மாதாமாதம் வாங்குங்கள். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனியும் அப்படித்தான். பைக்கற்றாக இருக்கும்வரை அதன் திகதி, கரைத்த பிறகு 24 மணித்தியாலம். மிச்சத்தை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

சில தம்பிமார் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு என்னிடம் சொல்வதுண்டு: “காலாவதித் திகதியெல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம். அமெரிக்க இராணுவம் சோதித்துப் பார்த்து, பல வருடம் கழித்தும் மருந்து நன்றாக இருந்ததாகச் சொல்லியிருக்கிறது.” அவர்கள் சொல்வது பொய் இல்லை. அமெரிக்காவில் அப்படி ஒரு திட்டம் 1980களின் நடுவிலிருந்து நடக்கிறது. 2006இல் வெளியான ஆய்வில் 122 மருந்துகளைச் சோதித்தபோது, 88 சதவீதத் தயாரிப்புத் தொகுதிகள் திகதிக்குப் பிறகும் ஒரு வருடத்துக்குக் குறையாமல் தாங்கின. ஆனால் அவை எங்கே இருந்தன? சீல் உடையாத பெட்டியில், வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்திய இராணுவக் களஞ்சியத்தில். ஒரு தொகுதியின் திகதி நீடிக்கப்பட்டது ஆய்வுகூடம் அதையே எடுத்துச் சோதித்த பிறகுதான். அந்த ஆய்வை அடுப்புப் பலகையில் திறந்து நின்ற போத்தலுக்குப் பொருத்த முடியாது.

அதே மாதிரி, காலாவதியானால் எல்லா மருந்தும் விஷமாகிவிடும் என்று பயப்படவும் வேண்டாம். கெட்டுப்போன மருந்தே தீங்கு செய்த சம்பவமும் உண்டு. வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்த டெட்ராசைக்கிளின் சிறுநீரகத்தைப் பாதித்ததை 1963இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆனால் அப்படிப்பட்டது அபூர்வம். அடிக்கடி நடப்பது நான் சொன்ன மூன்றும்தான்: வீரியம் குறைவது, கிருமி சேர்வது, அளவு மாறுவது.

இனி லேபலைப் பற்றிப் பேச வேண்டும். திகதியை விட லேபல் பெரிது என்பதற்கு உலகத்தில் நடந்தவையே சாட்சி.

2025 செப்டம்பரிலும் அக்டோபரிலும் இந்தியாவில், மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்தில், சளிக்குப் பாணி மருந்து குடித்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். இருபதுக்கும் மேல். முதலில் வாந்தி, பிறகு சிறுநீர் குறைந்து நின்றுபோனது, சிறுநீரகம் செயலிழந்தது. குடித்த மருந்தின் பெயர் கோல்ட்ரிஃப். தயாரித்தது தமிழ்நாட்டுக் காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள ஸ்ரீசன் என்ற நிறுவனம். தமிழ்நாட்டு ஆய்வுகூடம் சோதித்தபோது டைஎதிலீன் கிளைக்கோல் என்ற நச்சு அதில் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த நச்சு தொழிற்சாலைகளில் பாவிக்கும் கரைப்பான். இனிப்பாக, பிசுபிசுப்பாக, மருந்தில் சேர்க்கும் நல்ல கரைப்பானைப் போலவே இருக்கும். நச்சு இருந்த எஸ்.ஆர்.13 என்ற தொகுதியின் போத்தலில் அச்சிட்டிருந்த காலாவதித் திகதி 2027 ஏப்ரல். திகதிப்படி பார்த்தால் புத்தம் புதிய மருந்து.

திகதி எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பது இதில் தெரிகிறது. இந்தியாவில் அரசாங்கம் அந்த மருந்தைத் தடை செய்து, இன்ன பெயர், இன்ன தொகுதி இலக்கம், யாரும் கொடுக்காதீர்கள் என்று அறிவித்தது. உலக சுகாதார நிறுவனமும் எச்சரித்தது. அந்த அறிவிப்பு ஒரு தாயைக் காப்பாற்ற வேண்டுமானால் அவள் கையிலிருக்கும் போத்தலில் பெயரும் தொகுதி இலக்கமும் இருக்க வேண்டும். லேபல் உரிந்த போத்தலை வைத்திருக்கும் தாய்க்கு வானொலியில் எத்தனை தடவை சொன்னாலும் பயனில்லை. அது அவள் வீட்டில் இருக்கும் மருந்தா இல்லையா என்று அவளுக்குத் தெரியவே வராது.

இந்த நச்சு முதல் தடவையாகப் பெரிய அளவில் உயிர் எடுத்தது 1937இல், அமெரிக்காவில். சல்பனிலமைட் என்ற மருந்தை இதே கரைப்பானில் கலந்து பாணியாக விற்றார்கள். அரசாங்க அதிகாரிகள் விற்பனைத் துண்டுகளையும் மருத்துவர்களின் சீட்டுகளையும் வைத்து ஊர் ஊராக, வீடு வீடாகப் போய்ப் போத்தல்களைத் தேடினார்கள். தயாரான 240 கலனில் 234 கலன் மீட்கப்பட்டது. குடித்துத் தீர்ந்த ஆறு கலனுக்கும் குறைவான மருந்து நூறு பேருக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. எழுத்தில் பெயரும் சீட்டும் இருந்ததால்தான் மற்ற 234 கலனைக் கண்டுபிடிக்க முடிந்தது. அடுத்த வருடம், 1938இல், மருந்து விற்குமுன் அது பாதுகாப்பானது என்று நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் அங்கே வந்தது.

நம்முடைய தோட்டங்களில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் இருந்தது. டிஸ்பென்சரிக்குப் போகும்போது வீட்டிலிருந்து ஒரு வெறும் போத்தல் கொண்டுபோவோம், மருந்துத் தண்ணியை அதில் ஊற்றித் தருவார்கள். சில இடங்களில் இன்றும் நடக்கிறது. அந்தப் போத்தலில் மருந்தின் பெயர் இல்லை, வீரியம் இல்லை, தொகுதி இலக்கம் இல்லை, திகதியும் இல்லை. முன்னால் அதில் சாராயம் இருந்ததா, மண்ணெண்ணெய் இருந்ததா என்பதும் சில நேரம் தெரியாது. மண்ணெண்ணெய் குடித்துப் பிள்ளைகள் வைத்தியசாலைக்கு வருவது நம் நாட்டில் வழமையாக நடக்கும் விபத்து. காரணம், குடிபானப் போத்தலில் அதை ஊற்றி வைப்பதுதான். மருந்தும் மண்ணெண்ணெயும் ஒரே மாதிரிப் போத்தலில் இருக்கும் வீட்டில் பிள்ளை வளரக் கூடாது. இன்னொன்று, மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன அக்கா தங்கைகள் அனுப்பும் போத்தல்கள். அரபியில் எழுதியிருக்கும், வீரியமும் வேறாக இருக்கலாம். அன்பாக அனுப்பியதுதான். ஆனாலும் மருந்தாளரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள்.

மருந்தின் சொந்தப் பெயர் லேபலில் இருக்க வேண்டும் என்று இந்த நாட்டில் போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. ஊவாவைச் சேர்ந்தவர், பேராதனையில் மருந்தியல் கற்பித்தவர். 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானபோது அதற்குத் தலைமை தாங்கினார். கம்பெனி வைக்கும் பெயரால் மருந்தை அழைக்காமல் அதன் உண்மையான பெயரால் அழைக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கைகளில் ஒன்று. ஏழைக்கு மலிவாகக் கிடைக்கும் என்பது முதல் நன்மை. நமக்கு இன்னொரு நன்மையும் உண்டு. சளிப் பாணி என்று ஒரு போத்தல், காய்ச்சல் பாணி என்று இன்னொரு போத்தல், இரண்டிலும் பரசிட்டமோல் இருக்கும். பெயர் தெரிந்தால்தான் ஒரே மருந்தை இரட்டிப்பாகக் கொடுக்காமல் தப்புவோம்.

பழைய போத்தலை எறியும்போதும் லேபல் முக்கியம். 2010இல் சென்னையில் ஒரு பெரிய மோசடி வெளிப்பட்டது. காலாவதியாகிக் கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குக்குப் போன மருந்துகளைப் பொறுக்கி, திகதியை அழித்து, புதிய திகதி போட்டுக் கடைகளுக்கு விற்றிருந்தார்கள். நாம் முழுசாக எறியும் போத்தல் யாரோ ஒரு பிள்ளைக்குத் திரும்பிப் போகலாம் என்பது கற்பனை இல்லை. எறியும்போது லேபலைக் கீறிக் கிழித்துவிடுங்கள். மருந்தைக் கானில் ஊற்றாதீர்கள். இங்கே கானில் ஊற்றுவது கெசல்கமு ஓயாவுக்கும் விமலசுரேந்திர நீர்த்தேக்கத்துக்கும் போகும், அங்கிருந்து லக்‌ஷபான வழியாகக் களனி கங்கைக்குப் போகும். அம்பத்தளையில் அந்த ஆற்றுத் தண்ணீரை எடுத்துத்தான் கொழும்பு குடிக்கிறது. பழைய பாணியைத் தேயிலைச் சக்கையிலோ மண்ணிலோ ஊற்றிப் பிசைந்து, பையில் இறுக்கிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். போத்தலைக் கழுவி வேறு எதற்கும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பேசியவனாக மாட்டேன். பழைய போத்தலை வைத்திருக்கும் தாயை யாரும் அறியாமைக்காரி என்று சொல்லக் கூடாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்குப் போய் வர ஒரு நாள் ஆகும். அந்த நாளுக்குப் பேர் இல்லை, அதாவது நாட்சம்பளம் இல்லை. அரைப் பேராவது கிடைக்குமா என்று கெஞ்ச வேண்டும். பஸ் காசு, பாமசியில் மருந்துக் காசு எல்லாம் சேர்ந்தால் அந்த வாரச் சாமான் குறையும். 2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது வைத்தியசாலையிலேயே மருந்து இல்லை, வெளியே வாங்குங்கள் என்றார்கள். அந்த வருடம் கிடைத்ததைப் பத்திரமாகச் சேர்த்து வைத்த தாய் தன் பிள்ளைக்காகத்தான் அதைச் செய்தாள். அவளுக்கு வேறு வழி காட்டாமல் எறி, எறி என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. அதனால் நீங்கள் செய்யக்கூடியதையும், நாம் சேர்ந்து கேட்க வேண்டியதையும் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் வீட்டில். மருந்து வாங்கி வந்தவுடன் ஒரு துண்டு பிளாஸ்டரைப் போத்தலில் ஒட்டி, பேனாவால் மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்தப் பிள்ளைக்கு, என்ன நோய்க்கு, திறந்த திகதி. எழுதத் தெரியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். வாங்கும் இடத்திலேயே கேளுங்கள்: “ஐயா, திறந்த பிறகு எத்தனை நாள் வைத்திருக்கலாம்?” சொன்ன நாளையும் எழுதிக்கொள்ளுங்கள். அட்டைப் பெட்டியை மருந்து முடியும்வரை வைத்திருங்கள். அடுப்புப் பலகையை விட்டு, பிள்ளைக்கு எட்டாத, வெயில் படாத, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். அன்டிபயோட்டிக் என்றால் சொன்ன நாள் முழுக்கக் கொடுத்து, மிச்சத்தை நான் சொன்னபடி எறிந்துவிடுங்கள். நிறம் மாறினாலோ, புளித்த வாடை வந்தாலோ, திறக்கும்போது காற்று சீறினாலோ, கட்டி தட்டியிருந்தாலோ எறியுங்கள். இந்த அடையாளம் எதுவும் இல்லை என்பதாலே மருந்து நல்லது என்று நினைத்துவிடவும் வேண்டாம். வீரியம் போனது கண்ணுக்குத் தெரியாது.

சாதாரணச் சளிக்கும் இருமலுக்கும் சின்னப் பிள்ளைக்குப் பாணி மருந்தே அநேகமாகத் தேவையில்லை. சிந்த்வாடா மரணங்களுக்குப் பிறகு இந்திய சுகாதார அமைச்சு, இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குச் சளி, இருமல் மருந்து கொடுக்கவே கூடாது என்றும், ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பொதுவாகச் சிபாரிசு செய்வதில்லை என்றும் அறிவித்தது. வெதுவெதுப்பான நீராகாரமும் தாய்ப்பாலும் ஓய்வும் போதும். ஆனால் மூச்சு வேகமாக வாங்கினால், நெஞ்சு உள்ளே இழுத்தால், பால் குடிக்க மறுத்தால், எழுப்ப எழுப்பச் சோர்ந்து தூங்கினால், எந்த மருந்தையும் தேடாமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

தெரியாமல் பழைய மருந்தைக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது? திகதி தாண்டிய பாணி ஒரு கரண்டி போனதால் பெரும்பாலும் பெரிய ஆபத்து வராது, பதற வேண்டாம். ஆனால் நிறையக் குடித்திருந்தாலும், என்ன மருந்து என்றே தெரியாவிட்டாலும், வாந்தி, உடலில் தடிப்பு, மயக்கம், மூச்சுத் திணறல் வந்தாலும், முக்கியமாகச் சிறுநீர் போவது குறைந்தாலும், காத்திருக்காதீர்கள். உப்புத் தண்ணியோ புளித் தண்ணியோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். குடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்தப் போத்தலையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது, 011 2686143. உங்களுக்கு வைத்தியம் பார்ப்பவரும் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது, நாம் சேர்ந்து கேட்க வேண்டியவை. இந்த நாட்டில் தமிழும் அரச கரும மொழி. டிஸ்பென்சரியிலும் பாமசியிலும் தரும் மருந்தில் எத்தனை வேளை, எத்தனை மில்லி, எந்த நாள் வரை என்பதைத் தமிழில் எழுதிக் கேட்பது நம் உரிமை. டிஸ்பென்சரியில் சுத்தமான, லேபல் ஒட்டிய போத்தலில் மருந்து தர வேண்டும் என்று தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள். ஒரு போத்தலின் விலை எந்தத் தோட்டத்தையும் நட்டத்தில் தள்ளாது. காலாவதியான மருந்தைக் கடையில் கண்டால் சண்டை போட வேண்டாம், பற்றுச்சீட்டோடு நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். மருந்தின் தரத்தைக் கண்காணிக்க 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலும் முறையிடலாம். புயல், மண்சரிவு நேரங்களில் நிவாரணமாக வரும் மருந்துப் பெட்டிகளையும் இதே கண்ணோடு பாருங்கள். நன்கொடை மருந்துக்கு வந்துசேரும்போது குறைந்தது ஒரு வருட ஆயுளாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தானமாக வந்தது என்பதற்காகக் காலாவதியானதை வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கோரிக்கையைத் தொழிற்சங்கங்கள் கையில் எடுக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சீட்டோடு வைத்தியசாலைக்குப் போகும் தாய்க்கு அன்றைய பேரை வெட்டக் கூடாது. வைத்தியரைப் பார்க்கும் நாளுக்குச் சம்பளம் உண்டு என்றால், எந்தத் தாயும் பழைய போத்தலைத் தேட மாட்டாள். காலாவதியான மருந்தை ஒழிக்க நான் சொன்ன எல்லா வழியையும் விட இதுதான் வலுவான வழி. சங்கத் தலைவர்மார் சிலர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது நாட்சம்பளத்தோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள். தாய்மாரே, கேட்டார்களா என்று நீங்கள் அவர்களைக் கேளுங்கள்.